அடுக்குகளைக் கட்டுதலும் அவிழ்த்தலும்
(கணிப்பொறியில் ஊர்ப்படம் வரைவோருக்கு ஒரு பாடம்)

ஊருக்குப் பொதுவாக ஒரு படம் வரைவதென்றால், அதில் எல்லோருடைய வாய்க்காலும் இருக்க வேண்டும். இது சொல்லித் தெரிய வேண்டுவதன்று. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் கிராம சபையில் நான் வரைந்து கொடுத்த படம் சுவரில் மாட்டப்பட்டபோது, கடைமடைக்குச் செல்லும் கிளை வாய்க்காலின் கோடு அதில் காணப்படவில்லை. ஏரிக்கரையும் மதகுகளும் இருந்தன. தலைமடைக்குப் பாயும் வாய்க்காலும் இருந்தது. கிழக்குக் கோடியில் மட்டும் வெளிர்பச்சை நிறத்தில் ஒரு திட்டும், அதன்மேல் ‘கடைமடை நிலங்கள்’ என்ற எழுத்துகளும் இருந்தனவேயன்றி, அந்நிலங்களுக்கு நீர் செல்லும் வழி இல்லை. அன்றைய கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றுள் வாய்க்கால்களைத் தூர் வாருவது பற்றிய தீர்மானமும் ஒன்று. “எங்கள் வாய்க்காலை எடுத்துவிட்டா தீர்மானம் போடப் போகிறீர்கள்?” என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்.

யாரும் எதையும் எடுத்துவிடவில்லை. வாய்க்கால் படத்தினுள்ளேயே இருந்தது. பச்சைத் திட்டின் அடியில் மறைந்திருந்தது. முந்தின இரவு, திட்டையும் அதன் பெயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தேன். அதனால் வந்த வினை இது என்று எனக்கு உடனே விளங்கிற்று. “கட்டை அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, எல்லோரும் பார்த்திருக்க அவிழ்த்தேன். திட்டும் பெயரும் தனித்தனியே பிரிந்தன. வாய்க்கால் மட்டும் வரவில்லை. சபையில் எழுந்த முணுமுணுப்பை இங்கே எழுத வேண்டுவதில்லை.

கட்டியதை அவிழ்த்தால் பழைய நிலை ஏன் திரும்பவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள். இன்று பல ஊராட்சிகளில் படித்த இளைஞர்கள் கிராம சபை அறிவிப்புகளையும், ஊர்ப்படங்களையும், குடிநீர்க் குழாய் வரைபடங்களையும் கணிப்பொறியில் தாங்களே தயாரிக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்கள் தயாரித்ததைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் பொறுப்புடைய பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும், தம் நிலம் படத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் விவசாயிகளுக்கும் இது பயன்படக்கூடும்.

அடுக்கு என்பது யாது?

நில அளவை வேலையில் பழகியவர்கள் ஒளி ஊடுருவும் தாளை அறிவார்கள். அடியில் ஒரு வரைபடத்தை வைத்து, அதன்மேல் அத்தாளை விரித்து, வேண்டிய கோடுகளை மட்டும் எழுதிக்கொள்வர். ஒரு தாளில் ஏரியும் ஓடையும், அதற்கு மேலுள்ள தாளில் சாலைகள், அதற்கும் மேலுள்ள தாளில் பெயர்கள் என்று எழுதி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முழுப் படம் தெரியும். சாலை மாறினால் சாலைத் தாளை மட்டும் எடுத்துத் திருத்தினால் போதும். ஏரியைத் தொட வேண்டியதில்லை. கணிப்பொறியில் ‘லேயர்’ என்று சொல்வது இத்தகைய தாளையே. நாம் அடுக்கு என்போம்.

தாளுக்கும் கணிப்பொறி அடுக்குக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தாளில் கோடுகள் மட்டும் இருப்பதால் கீழே உள்ளது தெரியும். கணிப்பொறியில் நிறம் நிரப்பிய பரப்பு, சுவரைப்போல் தன் அடியிலுள்ளதை மறைத்துவிடும். ஆகவே எது மேலே, எது கீழே என்ற வரிசை அங்கே மிகவும் முக்கியமானது. என் படத்தில் நேர்ந்த பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒளிப்படங்களைத் திருத்துவதற்கான ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளைத் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கினார்கள். அது 1990-இல் விற்பனைக்கு வந்தபோது அதில் அடுக்கு என்பதே இல்லை. படத்தின்மேல் ஓர் எழுத்தைப் பதித்துவிட்டால் அது சுண்ணாம்பில் கலந்த நீலம்போல் படத்தோடு ஒன்றிப்போகும். 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அடுக்குகள் வந்தன. அடுக்குகளின் எண்ணிக்கை பெருகி ஐம்பது, நூறு என்று ஆனபோது, அவற்றைச் சேர்த்து வைக்கும் வசதி தேவைப்பட்டது; அது 2000-ஆம் ஆண்டில் ஆறாம் பதிப்பில் வந்தது. விலையில்லாமல் கிடைக்கும் ஜிம்ப் என்னும் மென்பொருளில் இவ்வசதி 2012-இல் வெளியான 2.8 பதிப்பில் சேர்க்கப்பட்டது. கோடுகளாலும் வடிவங்களாலும் படம் எழுதுவதற்கு இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் 2003 முதல் இருந்து வருகிறது. இதுவும் விலையில்லாதது. ஊர்ப்படத்திற்கு இதுவே ஏற்றது என்பது என் அனுபவம். ஆதலால் இப்பாடத்தில் இங்க்ஸ்கேப்பையே எடுத்துக்கொள்கிறேன்.

கட்டு என்னும் பெயர்

பலவற்றை ஒன்றாகச் சேர்ப்பதற்கு அம்மென்பொருளில் ‘குரூப்’ என்றும், பிரிப்பதற்கு ‘அன்குரூப்’ என்றும் பெயர். ‘தொகுதி’ என்று தமிழாக்குவோர் உளர். ஆனால் பஞ்சாயத்தாரிடம் தொகுதி என்றால் தேர்தல் நினைவுதான் வரும். எனவே கட்டு என்றே சொல்லிவிடலாம். நாற்றங்காலில் பறித்த நாற்றை முடிமுடியாகக் கட்டுகிறோம். வரப்பின்மேல் தூக்கிச் செல்லும்வரை அது முடியாக இருப்பதே வசதி; நடும்போது அவிழ்த்தாக வேண்டும். முடியில் இருந்தபோதும் ஒவ்வொரு நாற்றும் தனி நாற்றே. கணிப்பொறிக் கட்டும் அப்படிப்பட்டது. அதிலுள்ள ஒவ்வொன்றும் தன் உருவத்தை இழப்பதில்லை. கட்டாயிருக்கும்வரை சேர்ந்து நகரும், சேர்ந்து பெரிதாகும், சேர்ந்து சிறிதாகும்.

கட்டுவதற்குரிய முறை எளியது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டியால் தொட வேண்டும். பிறகு கண்ட்ரோல் விசையுடன் ஜி விசையை அழுத்த வேண்டும். அவிழ்ப்பதற்குக் கண்ட்ரோல், ஷிப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் விசைகள் இவையே. அச்சகங்களில் மிகுதியாக வழங்கும் கோரல்டிராவில் கட்டுவதற்கு இதே விசைகள். அவிழ்ப்பதற்குக் கண்ட்ரோலும் யு விசையும்.

கட்டுக்குள் கட்டு வைக்கலாம். ஒரு மதகின் குறியும் அதன் எண்ணும் ஒரு கட்டு. அவ்வாறான மூன்று மதகுகளும் ஏரிக்கரையும் சேர்ந்து பெரிய கட்டு. புல எண்ணுக்குள் உட்பிரிவும், உட்பிரிவுக்குள் மேலும் உட்பிரிவும் இருப்பதைப் போன்றதே இது. ஒருமுறை அவிழ்த்தால் வெளிக்கட்டு மட்டுமே அவிழும். உள்ளே உள்ள கட்டுகள் அப்படியே இருக்கும். “அவிழ்த்துப் பார்த்தேன், பிரியவில்லையே” என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான்.

இங்க்ஸ்கேப்பின் கோப்பு எஸ்.வி.ஜி. என்னும் பொது வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. இவ்வடிவத்தை உலக அளவில் இணையத்திற்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பு 2001-இல் வெளியிட்டது. அக்கோப்பை எழுத்துகளாகத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு கட்டும் ஜி என்ற ஒற்றை எழுத்துக் குறியால் எழுதப்பட்டிருக்கும். அடுக்கும் அதே ஜி குறியால்தான் எழுதப்படுகிறது. ‘இது அடுக்கு’ என்று ஓர் அடையாளம் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. அதாவது அடுக்கு என்பதும் ஒருவகைக் கட்டுத்தான். இதை அறிந்துகொண்டால் இனிச் சொல்லப் போவது விளங்கிவிடும்.

வாய்க்கால் மறைந்த விதம்

என் படத்தில் அடியிலிருந்து மேலாக ஐந்து அடுக்குகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பார்த்து எழுதுவதற்காக வைத்த கிராம வரைபடத்தின் நகல். அதற்கு மேல் நிலப் பரப்புகள். பச்சைத் திட்டு இதில்தான் இருந்தது. அதற்கு மேல் நீர்வழிகள். பிறகு சாலைகளும் கட்டடங்களும். எல்லாவற்றுக்கும் மேலே பெயர்கள். திட்டு கீழேயும் வாய்க்கால் அதற்கு மேலேயும் இருந்ததால், பச்சைப் பரப்பின்மேல் நீலக்கோடு தெளிவாகத் தெரிந்தது.

திட்டின் இடம் சிறிது விலகியிருந்தது. அதை நகர்த்தும்போது அதன் பெயரும் கூட வரட்டும் என்று எண்ணி, இரண்டையும் தொட்டுக் கட்டினேன். இங்கே கவனிக்க வேண்டியது: கட்டு எந்த இடத்தில் உண்டாகும்? திட்டு இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. பெயர் ஐந்தாம் அடுக்கில் இருக்கிறது. ஒரு கட்டு ஒரே சமயத்தில் இரண்டு அடுக்குகளில் இருக்க இயலாது. ஆகவே, தேர்ந்தெடுத்தவற்றுள் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அதன் இடத்தில் கட்டு உண்டாகிறது. மற்றவை அங்கே ஏற்றப்படுகின்றன. இவ்விதமாக என் பச்சைத் திட்டு, நீர்வழிகளையும் சாலைகளையும் தாண்டிப் பெயர்களின் அடுக்குக்கு ஏறிவிட்டது. அதன் அடியில் வாய்க்காலின் கடைசிப் பகுதி மறைந்தது. ஃபோட்டோஷாப்பிலும் கட்டு மேலுள்ள அடுக்கின் இடத்தில்தான் உண்டாகும். கோரல்டிராவிலும் வெவ்வேறு அடுக்குகளிலுள்ளவற்றைக் கட்டினால் அவை ஒரே அடுக்கில் வந்து சேரும்.

படத்தின் ஒரு கோடியில் சிறு பகுதியில் நிகழ்ந்ததால் நான் கவனிக்கவில்லை. பெரிய ஏரியை அவ்வாறு கட்டியிருந்தால் பாதி ஊரே மறைந்திருக்கும்; உடனே கண்டுபிடித்திருப்பேன். சிறு பிழைகளே அச்சுக்குப் போய்ச் சேருகின்றன.

அவிழ்த்தும் ஏன் சரியாகவில்லை? அவிழ்ப்பது என்பது கட்டின் கயிற்றை எடுத்துவிடுவது மட்டுமே. கயிற்றை எடுத்தால் உள்ளே இருந்தவை அவை இருந்த இடத்திலேயே கிடக்கும். கட்டு ஐந்தாம் அடுக்கில் இருந்தது. ஆகவே திட்டும் ஐந்தாம் அடுக்கிலேயே தங்கிவிட்டது. தான் முன்பு இரண்டாம் அடுக்கில் இருந்தோம் என்ற நினைவு அதற்கு இல்லை. மேட்டு வயலிலிருந்தும் பள்ள வயலிலிருந்தும் வைக்கோலைச் சேர்த்துக் கட்டிக் களத்தில் போட்டுப் பிறகு அவிழ்த்தால், வைக்கோல் களத்தில்தானே கிடக்கும்? அது தானே வயலுக்குத் திரும்பிப் போகாது.

பழைய நிலையைத் திருப்பித் தருவது வேறொரு கட்டளை. கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால், கடைசியாகச் செய்த காரியம் நீங்கும். மீண்டும் அழுத்தினால் அதற்கு முந்தியது நீங்கும். கட்டிய உடனே இதை அழுத்தியிருந்தால் திட்டு தன் அடுக்குக்குத் திரும்பியிருக்கும். ஆனால் கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அந்தச் செயல்வரிசை அழிந்துபோகும். நான் இரவில் மூடிவிட்டுக் காலையில் திறந்தேன். எனவே அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

பின்பு எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திட்டைத் தொட்டு எண்ட் விசையை அழுத்தினால் அது அடிக்குப் போகும் என்று நினைத்து அழுத்தினேன். போயிற்று, ஆனால் தான் இருந்த அடுக்கின் அடிக்குத்தான் போயிற்று. பெயர்களின் அடுக்கில் அடியில் கிடந்தாலும் அது வாய்க்காலுக்கு மேலேதான். அடுக்கு விட்டு அடுக்கு இறக்குவதற்கு ஷிப்ட் விசையுடன் பேஜ் டவுன் விசையை அழுத்த வேண்டும். மூன்று முறை அழுத்தினேன். மூன்றாம் முறை நீலக்கோடு பச்சைப் பரப்பின்மேல் வெளிப்பட்டது. கேள்வி கேட்ட பெரியவர் அருகில் வந்து திரையைப் பார்த்து, “அந்த மதகுக்கு அப்புறம் ஒரு வளைவு இருக்க வேண்டும்” என்றார். வளைவு இருந்தது. பிறகுதான் தீர்மானம் படிக்கப்பட்டது.

எதை எதோடு கட்டுவது?

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது. ஓர் அடுக்கினுள் இருப்பவற்றை அந்த அடுக்குக்குள்ளேயே கட்டுவது நல்லது. மதகுக் குறியையும் அதன் எண்ணையும் ஒரே அடுக்கில் வைத்துக்கொண்டால் அவற்றைக் கட்டுவதால் தொல்லையில்லை. வெவ்வேறு அடுக்குகளிலுள்ளவை சேர்ந்து நகர வேண்டுமானால் அவற்றைக் கட்டவே வேண்டாம். இரண்டையும் ஷிப்ட் விசையுடன் தொட்டுச் சேர்த்து நகர்த்திவிட்டு விட்டுவிடலாம். ஒருமுறை நகர்த்துவதற்காக நிரந்தரக் கட்டுப் போடுவது, ஒருநாள் விருந்துக்காகப் பந்தலைக் கல்தூண் நட்டுக் கட்டுவதுபோல் ஆகும்.

இன்னொன்று: கை தவறிப் படும் என்ற அச்சத்தினாலேயே பலர் கட்டுகிறார்கள். அதற்குக் கட்டு மருந்தன்று, பூட்டே மருந்து. அடுக்குகளின் பட்டியலில் ஒவ்வோர் அடுக்குக்கும் எதிரே ஒரு பூட்டுக் குறியும் ஒரு கண் குறியும் இருக்கும். பூட்டினால் அந்த அடுக்கில் எதுவும் அசையாது. கண்ணை மூடினால் அந்த அடுக்கு மறையும். கிராம வரைபட நகலை முதலிலேயே பூட்டிவிட வேண்டும். அச்சிடும்போது அதன் கண்ணை மூடிவிட வேண்டும். அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வோர் அடுக்கையும் ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். நான் அன்றிரவு பெயர்களின் அடுக்கை மூடிப் பார்த்திருந்தால், பெயர்களோடு பச்சைத் திட்டும் மறைவதைக் கண்டிருப்பேன்.

கட்டினுள் உள்ள ஒன்றைத் திருத்துவதற்காகவும் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. கட்டின்மேல் இருமுறை விரைவாகச் சொடுக்கினால் அதனுள்ளே நுழையலாம். அல்லது கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு உள்ளே உள்ளதை நேராகத் தொடலாம். வேண்டிய எண்ணை மாற்றிவிட்டு வெளியே வந்துவிடலாம், கட்டு குலையாது. இதை அறியாமல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக இருப்போர் பலர். அவ்வாறு மறுபடி கட்டும்போது ஒன்றிரண்டு கோடுகள் விட்டுப்போவதும், அயலிலிருந்த குறி உள்ளே மாட்டிக்கொள்வதும் இயல்பு.

கட்டைச் சிறிதாக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். படம் பாதியாகச் சுருங்கினால் கோட்டின் தடிமனும் பாதியாகலாம். அது கருவிப் பட்டையிலுள்ள ஓர் அமைப்பைப் பொறுத்தது. பெரிய தாளில் நன்றாகத் தெரிந்த வாய்க்கால், துண்டறிக்கையில் மயிரிழையாகிவிடும்.

ஒளி ஊடுருவும் நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு ஏரிகளின் ஆயக்கட்டுகளை இரண்டு பரப்புகளாக வரைந்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் நூற்றுக்கு 50 அளவில் மென்மையாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் நிறம் நூற்றுக்கு 75 அளவுக்கு அடர்ந்து தெரியும். மேற்பரப்பு பாதியை மறைக்க, மீதிப் பாதியில் கீழ்ப்பரப்பு மறுபடி பாதியை மறைப்பதால் இக்கணக்கு. இரண்டையும் முழு நிறத்தில் வைத்துக் கட்டி, கட்டுக்கு மட்டும் 50 என்று அளவு கொடுத்தால் அந்த அடர்த்தி தோன்றாது. முழுப் பரப்பும் ஒரே நிறமாக இருக்கும். எது சரி? இரண்டு ஏரிகளிலிருந்தும் பாசனம் பெறும் நிலத்தைக் காட்டுவது நோக்கமானால் முதல் முறையே சரி. மொத்தப் பாசனப் பரப்பைக் காட்டுவது நோக்கமானால் இரண்டாவது. நோக்கமில்லாமல் அடர்ந்து தெரிந்தால், பார்ப்பவர்கள் அதற்குத் தாங்களே ஒரு பொருள் கற்பித்துக்கொள்வார்கள். கட்டுக்கு அளவு கொடுத்திருந்து பின்னால் அதை அவிழ்த்தால் நிறத்தின் தோற்றம் மாறக்கூடும். அவிழ்த்தபின் படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தே சேமிக்க வேண்டும்.

எழுத்தை உருவமாக்குதல்

தமிழில் படம் வரைவோர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் கணிப்பொறியிலுள்ள எழுத்துரு அச்சகத்தாரிடம் இல்லாமற்போகலாம். ஆகவே எழுத்துகளை வடிவங்களாக மாற்றி அனுப்பும்படி அவர்கள் கேட்பார்கள். அவ்வாறு மாற்றியவுடன் ஒரு சொல், பல வடிவங்கள் அடங்கிய ஒரு கட்டாகிவிடும். அதன்பின் அதைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. கணிப்பொறிக்கு அது எழுத்தன்று; கோடும் வளைவுமே.

இந்தக் கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சொல்லில் பார்ப்போம். ‘தொட்டி’ என்னும் சொல்லில் முதலெழுத்து நம் கண்ணுக்கு ஒன்று; எழுத்துருவிலோ கொம்பு, தகரம், கால் என்று மூன்று துண்டுகள். அவிழ்த்தபின் கை தவறி ஒரு துண்டு விலகிவிட்டால், கொம்பு போய் ‘தாட்டி’ என்றாகும். அல்லது கால் போய் ‘தெட்டி’ என்றாகும். குடிநீர்த் தொட்டியின் பெயருக்கு இது நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பயனாளிகளின் பெயர்ப்பட்டியலில் நேர்ந்தால் சிரிக்க முடியாது. ஆகவே எழுத்தை வடிவமாக்குமுன் கோப்பை வேறு பெயரில் ஒரு படி எடுத்துக்கொள்ள வேண்டும். வடிவமாக்கிய படியில் கட்டை அவிழ்க்கவே கூடாது.

கட்டுதலும் கலத்தலும்

கட்டுவதோடு பலர் குழப்பிக்கொள்ளும் வேறொரு செயல் உண்டு. அடுக்குகளை ஒன்றாகக் கலந்துவிடுவது அது. அரிசி மூட்டையையும் உளுந்து மூட்டையையும் ஒரே கயிற்றால் கட்டினால் அது கட்டு. இரண்டையும் ஊறவைத்து அரைத்துவிட்டால் அது கலப்பு. அதிலிருந்து உளுந்தைத் திரும்பப் பெற எந்தக் கட்டளையும் இல்லை. ஜிம்ப், ஃபோட்டோஷாப் ஆகியவற்றில் ‘மெர்ஜ்’ என்று வருவது இதுவே. படத்தை ஜேபெக் என்ற வடிவத்தில் சேமித்தாலும் அடுக்குகளெல்லாம் ஒரே பரப்பாகிவிடும். கைப்பேசியில் வாட்ஸப் வழியாக ஊருக்குள் வலம் வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் இத்தகைய படங்களே. “இதிலே தேதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்” என்று அவற்றை அனுப்புவோர் உண்டு. பழைய தேதியின்மேல் வெள்ளைப் பட்டை ஒட்டிப் புதிய தேதியை எழுதலாமேயன்றி, தேதியைப் பிரித்தெடுக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூடும் ஏற்பாடு உள்ளது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில வேளைகளில் நாள் மாற்றி வைக்கப்படுவதும் உண்டு. ஆண்டுதோறும் ஆறு முறை அறிவிப்பு வெளியிட வேண்டிய ஊராட்சி, ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொண்டிராமல், ஒரே கோப்பை இரண்டு அடுக்குகளாக வைத்துக்கொள்ளலாம். ஊராட்சியின் பெயர், ஓரச் சித்திரம், தலைப்பு முதலிய மாறாதனவற்றைக் கீழடுக்கில் கட்டிப் பூட்டிவிட வேண்டும். நாள், நேரம், இடம், கூட்டப்பொருள் ஆகியவற்றை மேலடுக்கில் கட்டாமல், எழுத்தாகவே விட்டுவைக்க வேண்டும். அடிக்கடி மாறுவனவற்றைக் கட்டாமலிருப்பதில் நன்மை என்னவென்றால், புதிதாக வந்த எழுத்தரும் கட்டின் மர்மங்களை அறியாமலே தேதியைத் திருத்திவிடுவார். நாள் ஒன்றில் மாறி இடம் மாறாமல் போனால், பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் மக்கள் நிற்க நேரும். எனவே நான்கையும் ஒரே கண்ணோட்டத்தில் பார்க்கும்படி அருகருகே வைப்பது உத்தமம்.

ஊர்ப்படத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. இவ்வாறு வரையும் படம் கூடிப் பேசுவதற்கும் திட்டமிடுவதற்கும் உரியது. எல்லைத் தகராறுக்கு இது சான்றாகாது. அதற்கு நில அளவைத் துறையின் புலப்படமும் வருவாய்ப் பதிவேடுகளுமே ஆதாரம். படத்தின் ஒரு மூலையில் இதை எழுதிவிடுவது பின்வரும் வம்புகளைக் குறைக்கும். அவ்வரி பெயர்களின் அடுக்கில் இருக்கட்டும். அதை எதனோடும் கட்ட வேண்டாம்.

அச்சகத்தாரிடம் வேலையைக் கொடுக்கும் ஊராட்சிகள், அச்சடித்த தாளை மட்டும் பெற்றுக்கொண்டு வந்துவிடுகின்றன. அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து பணம் கொடுத்தபின் கேட்டால் கிடைப்பது அரிது. கோப்பு ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியிலும், அதற்கு வெளியே வேறோரிடத்திலும் இரண்டு படிகளாக இருக்க வேண்டும். பெயரில் ஆண்டும் மாதமும் நாளும் எழுதப்பட வேண்டும். வாங்கியவுடன் அங்கேயே திறந்து, ஏதேனும் ஒரு பெயரின்மேல் சொடுக்கிப் பார்க்கலாம். ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்து மாற்ற முடிந்தால் அது மூலக் கோப்பு. முழுப் படமும் ஒரே பலகையாக அசைந்தால் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அவிழ்ந்தால் மறுபடியும் எழுத்தைத் தொட்டுப் பார்க்கலாம். எத்தனை முறை அவிழ்த்தும் பலகை பலகையாகவே இருந்தால் அது கலந்துபோன படம். மூலத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.